பிழையற: முத்துக் கரையில் ஒரு சொல்லின் நடமாட்டம்

‘அமைச்சர் ஆணித்தரமாகப் பேசினார்’ என்று செய்தித்தாளில் படிக்கிறபோது மனத்தில் ஒரு சுத்தியல் வந்துபோகிறது. சுவரில் ஆணி இறங்குகிற மாதிரி பேச்சு இறங்கிற்று என்று கொள்கிறோம். ஆனால் ஆணித்தரம் தச்சுப் பட்டறையிலிருந்து வந்த சொல் அல்ல. முத்து வியாபாரிகள் பேச்சு. உருட்சியிலும் ஒளியிலும் ஒரு குறையும் எடுத்துச் சொல்ல முடியாத முத்து ஆணிமுத்து. அது நிற்கிற முதல் தரம் ஆணித்தரம். பொன்னிலும் அப்படியே. உரைத்துப் பார்ப்பதற்கு அளவாக வைத்துக்கொண்ட உயர்ந்த மாற்றுப் பொன்னுக்கு ஆணிப்பொன் என்று பெயர். ஒரு காலத்தில் ‘ஆணித்தரமாக’ என்றால் ‘குற்றம் சொல்ல இடமில்லாதபடி’ என்றுதான் பொருள்பட்டிருக்க வேண்டும். இன்று அது ‘அடித்துச் சொல்லுதல்’ ஆகிவிட்டது. பேச்சில் ஆயிரம் ஓட்டை இருந்தாலும் ஆணித்தரமாகப் பேசலாம்.

குற்றமில்லாமையைச் சொல்லத் தமிழில் வினையடைகளுக்குப் பஞ்சமில்லை. கசடற, பிழையற, பழுதற, மாசற, குறைவின்றி, வழுவாமல், பிசகாமல், பிசிறில்லாமல், அப்பழுக்கில்லாமல், திருத்தமாக, செவ்வனே, கச்சிதமாக, சுத்தமாக. இந்தக் கூட்டத்தில் எது எங்கே நிற்கிறது, எது எங்கே வழுக்கிப் போயிற்று என்று பார்ப்பதற்கு இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் கரையைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கரை முத்தையும் சங்கையும் தரம் பிரித்தது. இதே சீமையின் அரண்மனைப் பணம் திருக்குறளைப் பிழையில்லாமல் அச்சிடச் செலவாயிற்று. இதே சீமைக்காரர் ஒருவர், பிழை மலிந்தது என்று ஒரு திருக்குறள் பதிப்பையே வாங்கி ஒழித்தார்.

முதலில் முத்து. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் கீழக்கரைக்குப் பழைய பங்கு உண்டு. மரக்காயர்கள் குத்தகை எடுத்தார்கள். இந்த ஊர்க் குளியாளிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இலங்கையின் மறிச்சுக்கட்டிக் குளிப்புக்குத் தோணி தோணியாகப் போனார்கள். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, அடியில் தங்கிய முத்தை எடுத்தபின் வேலை கரைக்கு மாறும். பித்தளைத் தட்டுகளில் துளையிட்ட சல்லடைகள் பத்து. ஒரே அளவுத் தட்டில் 20 துளை, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 துளை என்று போகும். 20 துளைச் சல்லடையில் தங்கினால் பெரிய முத்து; 1000 துளையிலும் விழுந்துவிட்டால் தூள். இது அளவு. அளவு முடிந்தபிறகுதான் கண் வேலை தொடங்கும்.

அந்தக் கண் வேலைக்கு வைத்திருந்த பெயர்களை ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் எழுத்தில், தங்கள் காதுக்குப் பட்டபடி குறித்துவைத்தார்கள். திரும்பத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: உருட்சியும் ஒளியும் முழுமையாக இருப்பது ஆணி. இரண்டில் ஒன்று சற்றுக் குறைந்தால் அணதாரி. இரண்டும் கொஞ்சம் குறைந்து, முக்கியமாக ஒளி மங்கியிருந்தால் மசங்கு (மசங்கல் பொழுது என்கிறோமே, அதற்கு உறவு போலத் தெரிகிறது). இன்னும் குறைந்தால் களிப்பு. இரண்டு ஒட்டிப் பிறந்தது குறுவல். உருக்கெட்டது பீசல். வளைந்து மடிந்தது மடங்கு. ஒன்றுக்கும் உதவாதது தூள்.

குறையில்லாததற்கு ஒரே ஒரு பெயர். குறைகளுக்கு ஏழெட்டுப் பெயர். இது கடைக்காரனின் கஞ்சத்தனம் அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நகைகளில் கோத்த முத்துகளை வகை சொல்லும்போதும் இதே கணக்குத்தான். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து என்று நல்லவை சில. அப்புறம் குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று போகும். நிறத்துக்குக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வேறு பெயர்கள். கோயிலுக்குக் கொடுத்த நகையில் ‘கறடும் உண்டு’ என்று கல்லில் வெட்டிவைத்த அந்தக் கணக்குப்பிள்ளையின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தானம் கொடுத்தவர் அரசர். ஆனாலும் முத்து கறடு என்றால் கறடுதான்.

இனி இலக்கணம். ‘கசடற’, ‘பிழையற’ என்பவற்றின் பின்பாதி ‘அறு’ என்ற வினை. கயிறு அறுகிறது, உறவு அறுகிறது என்கிறோமே, அதே வினை. அதன் ‘செய’ வாய்பாட்டு வினையெச்சம் ‘அற’. இந்த வாய்பாடு தமிழில் மூன்று வேலை செய்யும். ‘வாடை அடிக்கக் கடல் கலங்கியது’ என்றால் வாடை காரணம். ‘வலை காய வெயிலில் விரித்தான்’ என்றால் காய்வது நோக்கம், விரித்தபிறகு நடப்பது. ‘பொழுது விடியத் தோணி கரை சேர்ந்தது’ என்றால் இரண்டும் ஒரே வேளையில் நடக்கின்றன. மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. எது என்று இடம் பார்த்துத்தான் கொள்ள வேண்டும்.

திருக்குறளின் கல்வி அதிகாரத்து முதற்குறளில் (391) வரும் ‘கசடற’ என்ற சொல் இந்த மூன்றில் எது? உரையாசிரியர்களில் மணக்குடவர் ‘குற்றமற’ என்று சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பரிமேலழகர் நிற்கிறார். கசடு என்பதைப் பழுது என்று கொண்டு, பழுதறக் கற்பது எப்படி என்றும் விளக்குகிறார்: தவறாகப் புரிந்துகொண்டதையும் ஐயத்தையும் நீக்கி, உண்மைப் பொருளை நல்ல ஆசிரியர் பலரோடு பலமுறை பழகிக் கற்பது. கவனியுங்கள், ஒருமுறை படித்துத் தவறில்லாமல் ஒப்பிப்பதை அவர் சொல்லவில்லை. தவறு முதலில் இருக்கும் என்றே அவர் எடுத்துக்கொள்கிறார். அதை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போவது கல்வி. இன்னொரு விதமாகவும் பிற்காலத்தார் இதைப் படிப்பதுண்டு. கசடு நூலிலோ கற்கும் முறையிலோ இல்லை, கற்கிறவனிடம் இருக்கிறது. அது நீங்கும்படி கற்க வேண்டும் என்று. ‘வலை காய விரித்தான்’ என்பது போல ‘கசடு அறக் கற்க’. இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எனக்குப் பரிமேலழகர் பக்கமே நெருக்கமாகப் படுகிறது. ஆனால் இரண்டாவது பொருளைத் தள்ளிவிட இலக்கணத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ‘பிழையின்றி எழுதினான்’, ‘பிழையற எழுதினான்’, ‘பிழைபடாமல் எழுதினான்’: அகராதியில் மூன்றும் ஒன்று. காதுக்கு ஒன்றல்ல. ‘இன்றி’, ‘இல்லாமல்’ என்பவை இல்லாமையைக் காட்டும். எழுத்தைப் பார்த்தால் பிழை இல்லை, அவ்வளவே. ‘-ஆமல்’ தவிர்த்தலைக் காட்டும்; வழுவாமல், பிசகாமல், பிறழாமல் என்றால் ஒரு கோட்டின் மேல் நடப்பவன் கால் நழுவாமல் போகிறான். ‘அற’ நீக்குதலைக் காட்டும், இருந்தது, அற்றுப்போயிற்று. அதனால்தான் ‘பிழையறத் திருத்தினான்’ என்பது இயல்பாக விழுகிறது; ‘பிழையின்றித் திருத்தினான்’ என்றால் திருத்துகிற வேலையிலேயே பிழை விடவில்லை என்று வேறு பொருள் எட்டிப்பார்க்கிறது. பதிப்பாசிரியருக்கு ‘அற’ வேண்டும். கணக்கருக்கு ‘இன்றி’ போதும். வேதம் ஓதுகிறவருக்கும் குர்ஆன் ஓதுகிறவருக்கும் ‘-ஆமல்’.

பதிப்பாசிரியர் என்றதும் இராமநாதபுரம் வந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேதுபதி அரண்மனையின் நடைமுறைகளைக் கவனித்தவர் பொன்னுசாமித் தேவர். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) ஏட்டுச் சுவடிகளைச் சென்னையில் அச்சுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. நாவலர் பதிப்பித்த பரிமேலழகர் உரையோடு கூடிய திருக்குறளுக்கும் (1861) திருக்கோவையார் உரைக்கும் பின்னால் பொன்னுசாமித் தேவரின் பொருளுதவி இருந்தது. நாவலர் பதிப்பு என்றாலே புலவர்கள் ‘சுத்தப் பதிப்பு’ என்றார்கள். அந்தச் ‘சுத்த’த்துக்கு எவ்வளவு உழைப்பு என்பதை ஒரு ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பனையோலையில் எழுத்தாணியால் எழுதுகிறவர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார். வைத்தால் ஓலை பொத்துப்போகும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. ‘கபாலம்’ என்று நாம் படிப்பதும் ‘கபரலம்’ என்று தடுமாறுவதும் ஒரே வரிவடிவம். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை; செய்யுள் முடிந்தால்கூட வரி முடியாது. இதற்கு மேல் படியெடுத்தவர் கண் அசந்த இடங்கள், பூச்சி அரித்த இடங்கள், உரையை மூலமென்று எண்ணிச் சேர்த்த இடங்கள். இப்படிப்பட்ட ஏடு ஐந்தாறைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒரு பாடம் முடிவு செய்வதற்குப் ‘பரிசோதித்தல்’ என்று பெயர். பழைய தலைப்புப் பக்கங்களில் அடிக்கடி காணும் சொல் அது. மருத்துவமனை அதை எடுத்துக்கொண்டது பிறகு. பரிசோதித்தபின்னும் புத்தகக் கடைசியில் ‘பிழை – திருத்தம்’ என்று இரண்டு பத்தி போட்ட ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் இல்லாத பழைய புத்தகத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் திறப்பேன்.

பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் (1867–1911), பாலவனத்தம் ஜமீன்தார். உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்புக்கு (1898) உதவியவர். சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் வெளிவரக் கைகொடுத்தவர். இவர் மதுரைக்குப் போனபோது சொற்பொழிவுக்காகத் திருக்குறள் பிரதி ஒன்று கேட்டும் கிடைக்கவில்லை, அந்த வருத்தத்தில் தொடங்கியதுதான் நான்காம் தமிழ்ச் சங்கம் என்று சொல்வார்கள். சங்கம் 1901 செப்டம்பர் 14-இல் மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே ‘செந்தமிழ்’ இதழ். முதல் ஆசிரியர் சேது சமஸ்தான வித்துவான் ரா. இராகவையங்கார், அவருக்குப் பின் மு. இராகவையங்கார். இருவரும் இந்தச் சீமைக்காரர்கள்தாம்.

பாண்டித்துரைத் தேவரைப் பற்றித் தமிழ்ப் புலவர்கள் வட்டத்தில் வழங்கும் கதைகளில் நம் பொருளுக்கு வேண்டியது ஒன்று. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் தமிழ் படித்து, தம் பெயரைச் ‘சுகாத்தியர்’ என்று மாற்றிக்கொண்டு, திருக்குறளை அச்சிட்டார். அச்சிட்டதோடு நிற்காமல் ‘திருத்தி’யும்விட்டார். குறட்பா என்றால் எதுகை இருக்க வேண்டும் அல்லவா? எதுகை அமையாத குறள்கள் அவருக்கு உறுத்தின. ஏடெழுதினவர்கள் கெடுத்த இடம் இது என்று முடிவுகட்டி, எதுகை சேரும்படி சொல்லை மாற்றினார். விஷயம் தெரிந்த தேவர் வெளிக்காட்டாமல் போய், இருந்த பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் அழித்துவிட்டார். தீயிட்டார் என்பார் சிலர், புதைத்தார் என்பார் சிலர்.

கதையைச் சொல்கிறவர்கள் ஸ்காட்டை ஒரு கோமாளியாக நிறுத்திச் சிரிப்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவர் அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியவராகப் படவில்லை. அவர் செய்தது நோக்கத்தில் நாவலர் செய்ததுதான்: பிழையறப் பதிப்பிக்கப் பார்த்தார். ஏடெழுதினவர்கள் பிழை விட்டார்கள் என்று அவர் நினைத்ததும் பொய் இல்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று. நாவலர் ஏடுகளை ஒப்பிட்டார். ஸ்காட் ஒரு விதியை ஒப்பிட்டார். எதுகை வேண்டும் என்பது பொதுவிதி. மோனையால் நிற்கிற குறளும் உண்டு, இரண்டும் இல்லாமல் ஓசையால் நிற்கிற குறளும் உண்டு. விதியைக் கையில் வைத்துக்கொண்டு பிழை தேடினால் வள்ளுவரே பிழை ஆகிவிடுவார். தமிழ் இலக்கணக்காரர்களுக்கு இந்த ஆபத்து முன்பே தெரியும். தொல்காப்பியக் கிளவியாக்கம் வழு எது என்று சொல்லிக்கொண்டே போய், வழுவாக இருந்தும் ஏற்றுக்கொள்ள வேண்டியவற்றுக்கும் இடம் விடுகிறது. வழுவமைதி என்று உரைகாரர்கள் பெயர் வைத்தார்கள். பசு வீட்டுக்குத் திரும்பும்போது ‘என் அம்மா வந்தாள்’ என்று சொன்னால் திணை வழு. மகிழ்ச்சியில் சொன்னதால் அமைதி. ஸ்காட் படித்த இலக்கணத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கலாம்.

தேவர் செய்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிழையான பதிப்பை அழிப்பது அவர் காலத்துக்கு வீரம். இன்றைய ஆய்வாளனுக்கு இழப்பு. எந்தக் குறளை எப்படி மாற்றினார் என்று பார்க்க ஒரு பிரதி எளிதாகக் கைக்கு எட்டினால் இந்தக் கட்டுரைக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரின் வேலை பிற்பாடு அகராதிக்கும் போயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் தொடக்க வேலை மதுரையில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் தலைமையில் 1913-இல் தொடங்கியது. மு. இராகவையங்கார் அதில் தலைமைத் தமிழ்ப் பண்டிதர். ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தன. வந்து முடிந்த மூன்றாவது ஆண்டிலேயே, 1939-இல், விடுபட்டவற்றைச் சேர்த்து அநுபந்தம் போட வேண்டியிருந்தது.

கீழக்கரைக்குத் திரும்புவோம். முத்துக்குப் பேர்போன அதே தெருக்களில் இன்னொரு வகைக் குற்றமறுத்தல் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. குர்ஆனை ஓதும் முறைக்குத் தஜ்வீது என்று பெயர். ஓதுவதில் நேரும் பிழை லஹ்ன். அதிலும் இரண்டு வகை: லஹ்னெ ஜலீ, வெளிப்படையான பிழை, லஹ்னெ கஃபீ, மறைவான பிழை. எழுத்தை மாற்றி உச்சரித்துச் சொல்லே வேறாகப் போவது முதல் வகை. கேட்கிற யாருக்கும் தெரியும். மூக்கொலியை எத்தனை நேரம் நிறுத்துவது, எங்கே நீட்டுவது, எங்கே தடிப்பாக ஒலிப்பது என்பவற்றில் நேர்வது இரண்டாம் வகை. ஓதத் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். தமிழ் நாக்குக்கு இது லேசான காரியம் அல்ல. ஸீன், ஸாத், ஸே என்று அரபியில் மூன்று வெவ்வேறு எழுத்து. நம் வாயில் மூன்றும் ஒரே ‘ஸ’. அதனால் மதரசாவில் உஸ்தாது பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார்; காதால் மட்டும் கேட்டால் போதாது, நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும்.

கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் நிறைய எழுதினார். அரபுத்தமிழ் என்றால் தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத ட, ண, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்து செய்துகொண்டார்கள். பனையோலைத் தமிழ் புள்ளியைக் கைவிட்டுப் பிழைக்கு வழிவிட்டது; அரபுத்தமிழ் புள்ளியைக் கூட்டிப் பிழையைத் தடுத்தது. இரண்டும் ஒரே மொழியின் எழுத்துதான்.

மறைவான பிழை என்ற இந்தப் பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிழையற என்று சொல்லும்போது யார் கண்ணுக்கு, யார் காதுக்கு என்ற கேள்வி கூடவே வருகிறது. உலக வைர வியாபாரத்தில் குற்றமற்ற வைரம் என்ற உச்ச தரத்துக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள்: தேர்ந்த ஒருவர் 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்து ஒன்றும் தெரியக் கூடாது. 100 மடங்கில் என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய மொழிகள் இந்தக் கருத்தை வேறு மூலையிலிருந்து எடுத்தன. ஆங்கிலத்தில் ‘இம்பெக்கபிளி’ என்று வழங்கும் வினையடைக்கு மூலம், லத்தீனில் பாவம் செய்தலைக் குறிக்கும் வினை. முதலில் அது ‘பாவம் செய்ய இயலாத’ என்று இறையியல் பேசியது. பிறகு சட்டை மடிப்புக்கும் விருந்து உபசாரத்துக்கும் இறங்கி வந்தது. தமிழில் பாவத்திலிருந்து இந்தச் சொல் பிறக்கவில்லை. வழு என்றால் நழுவுதல். பிசகு என்றால் இடம் மாறுதல். கசடு என்றால் அடியில் தங்கும் கழிவு. பிசிறு என்றால் வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நார். எல்லாம் கையால் தொடக்கூடிய பொருள்கள். குற்றம் என்ற சொல் ஒன்றுதான் இரண்டு பக்கமும் காலை வைத்திருக்கிறது.

பேச்சு வழக்குக்கு வந்தால் எழுத்துத் தமிழின் ‘அற’ கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. பள்ளி மேடையில் ‘ஐயந்திரிபற’. நீதிமன்றச் செய்தியில் ‘குற்றம் ஐயந்திரிபற நிரூபிக்கப்படவில்லை’. பக்திப் பேச்சில் ‘நீக்கமற நிறைந்தவன்’. இவை உறைந்துபோன தொடர்கள். புதிதாக எதையும் ‘அற’ சேர்த்து யாரும் இப்போது சொல்வதில்லை. ஆனால் ‘அற’ சாகவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘அறவே மறந்துவிட்டேன்’ என்கிறோம். குற்றம் அற்றுப்போவதைச் சொன்னது, எதுவும் அற்றுப்போவதைச் சொல்ல வந்துவிட்டது. ‘சுத்தமாக’வும் இதே வழியில் போயிற்று. இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் ‘கையில சுத்தமா காசில்லண்ணே’ என்று ஒருவர் சொன்னால் காசின் தூய்மையைப் பற்றிய பேச்சு இல்லை அது. ஆங்கிலத்திலும் மறதிக்கு இதே ‘சுத்தம்’ என்ற சொல்லைப் போடுவார்கள். ‘தவறாமல்’ என்பதும் அப்படியே. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவர் ‘தவறாம வந்துருங்க’ என்றால், வரும்போது தவறு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. விடாமல் வாருங்கள், அவ்வளவுதான்.

ஆணித்தரமாக, சுத்தமாக, அறவே, தவறாமல்: நான்கும் குற்றமில்லாமையில் புறப்பட்டு அழுத்தத்துக்கோ முழுமைக்கோ போய்ச் சேர்ந்தவை. எந்தக் குற்றம் என்று சொல்லாமல் பொதுவாக நல்லது, தூய்மை, அறுதல், தவறு என்று நிற்கிற சொல் பிடிப்பில்லாமல் இழுபட்டுப் போகிறது. குற்றத்தின் பெயரைத் தன்னோடு சுமக்கிற சொல் நிலைத்து நிற்கிறது. பிசிறில்லாமல் பாடினார் என்றால் இன்றும் பாட்டின் விளிம்பைத்தான் சொல்கிறோம். ‘அட்சரம் பிசகாமல்’ என்றால் எழுத்துத்தான். இதற்கு எதிர்ச்சான்று ‘கச்சிதமாக’. குற்றத்தின் பெயர் இல்லாமலே தன் பொருளில் நிற்கிறது. ‘செவ்வனே’வும் நிற்கிறது, ஆனால் விழா அறிக்கையிலும் அரசுக் கோப்பிலும் மட்டும். வாழ்நாளில் யாரும் வாய்விட்டு ‘செவ்வனே சமைச்சிருக்க’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

குற்றத்தின் பெயரைச் சொல்லும் இந்தப் பழக்கம் களத்துமேட்டில் நன்றாகத் தெரியும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயைக் காயப்போட்டுப் பொறுக்கும்போது, நிறம் வெளுத்தது சண்டு. உள்ளே விதையில்லாமல் போனது சோடை. நல்ல வத்தலுக்குத் தனிப் பெயர் கிடையாது, அது வத்தல். வியாபாரி சாக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ‘சண்டு இல்லாம இருக்கு’ என்றால் பாராட்டு முடிந்தது. கல்யாண வீட்டிலும் இதே கதை. பெண்ணைப் பெற்றவர்களைப் பற்றி ‘ஒரு குறையும் வைக்காம செஞ்சாங்க’ என்றால் சீரில் இருந்த பொருள்களை விட, குறை சொல்லத் தயாராக வந்த சம்பந்தி வீட்டார் வாயடைத்துப் போனதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கே குறை என்பது பற்றாக்குறையும் ஆகும், புகாரும் ஆகும்.

எழுத்துத் தமிழ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ‘குறைபாடற்ற முறையில்’, ‘எவ்விதக் குறைபாடுகளும் அற்ற வகையில்’ என்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன. ‘அற’ என்ற மூன்றெழுத்துக்குக் கூட வராத சின்ன வினையெச்சம் செய்த வேலைக்கு ‘அற்ற’ என்று பெயரெச்சம் ஆக்கி, அதற்கு முட்டுக்கொடுக்க ‘முறையில்’ என்று ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். நீளம்கூடப் பரவாயில்லை. எல்லாக் குற்றமும் ‘குறைபாடு’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுவதுதான் எனக்குக் கசக்கிறது. பாம்பன் புதிய ரயில் பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்தபோது, திட்டமிடலில் விட்ட குறை முதல் துருப்பிடிப்பு வரை பலவற்றைச் சுட்டியது. செய்திகளில் எல்லாமே ‘குறைபாடுகள்’. துரு ஒன்று, விதிமுறையை மீறியது ஒன்று. உப்புக் காற்றில் பிழைக்கிற ஊர்க்காரருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது.

‘பழுது’ மட்டும் தப்பித்துக்கொண்டது. பரிமேலழகர் கல்விக்குச் சொன்ன சொல் இப்போது இயந்திரக் கொட்டகையில் வேலை செய்கிறது. மோட்டார் பழுது, லைட் பழுது, ‘பழுது பார்க்கப்படும்’ என்ற பலகை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் கரையேற்றிய படகுகளின் கீழே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பலகை மூட்டுகளில் பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி அடைத்து மேலே பிசின் கூட்டுப் பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். அடித்து முடித்தபின் சரியாக இருக்கிறதா என்று படகுக்காரர் கேட்கும் முறையில் நல்லது, சரி, சுத்தம் என்ற பேச்சே வராது. ‘ஒரு சொட்டு ஏறாம அடிச்சிருக்கியா மாப்ள?’ என்பார். உளியைக் கீழே வைக்காமலே, ‘எறக்கிப் பாருங்கண்ணே’ என்று பதில் வரும். மரப்பலகைக்கு மேல் பைபர் ஒட்டுகிற வேலை வந்தபின் கலப்பத்துக்காரர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. இப்போது பட்டறைகளில் கேட்பது, ‘லீக் இல்லாம இருக்கா?’